பீரோவுக்குள் ஒரு கோபுரம்

நெய்வேலி ஒரு புது ஊர். 1956ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஆரம்பிக்கப்பட்ட பிறகு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி சாலைகளும் வட்டங்களும் குவார்ட்டர்ஸ்களுமாக எழுந்த டவுன்ஷிப். இங்கே கோயில் உண்டு, சர்ச் உண்டு, மசூதியும் உண்டு. ஆனால் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற, நூற்றாண்டுகள் கண்ட ராஜகோபுரம் வேண்டுமென்றால் பஸ் ஏறி விருத்தாசலமோ சிதம்பரமோ போக வேண்டும்.

இருந்தாலும் ஒரு விஷயம். இந்த ஊரின் பல வீடுகளில் ஒரு கோபுரம் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஸ்டீல் பீரோவின் மேல் தட்டில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியே வரும் அம்மாவின் கல்யாணப் பட்டுச்சேலை. அதன் கரையைப் பிரித்துப் பாருங்கள். வரிசையாகக் கூர்கூராக ஏறி நிற்கும் முக்கோணங்கள். கடைக்காரர் 'டெம்பிள் பார்டர்' என்பார். பாட்டியைக் கேட்டால் கோபுரக் கரை என்பார்.

கல்லிலும் செங்கல்லிலும் நிற்கிற ஒரு கட்டடம் எப்படி ஒரு துணியின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது? இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. ஐரோப்பாவில் பழைய தேவாலயங்களைப் பார்த்து உடை வடிவமைத்தவர்கள் நிறையப் பேர். முதலில் அங்கே ஒரு சுற்று போய்விட்டு, பிறகு காஞ்சிபுரத்துத் தறிக்கு வரலாம்.

தேவாலயத்திலிருந்து மேடைக்கு

இத்தாலியின் சிசிலித் தீவில் மொன்ரியாலே என்ற ஊரில் ஒரு கதீட்ரல் இருக்கிறது. 1174 வாக்கில் இரண்டாம் வில்லியம் என்ற அரசன் கட்டத் தொடங்கியது. உள்ளே போனால் சுவரெல்லாம் பொன் பின்னணியில் மொசைக் ஓவியங்கள். 2013 பிப்ரவரியில் மிலான் நகரத்து ஃபேஷன் மேடையில் டோல்சே அண்ட் கபானா நிறுவனம் காட்டிய உடைகளில் அந்த மொசைக் உருவங்கள் அப்படியே ஏறியிருந்தன. ராஜாக்களும் புனிதர்களும் கவுனின் முன்பக்கத்தில் நின்றார்கள். பார்த்த உடனே எந்தக் கட்டடம் என்று சொல்லிவிடலாம்.

இது முதல் வழி. கட்டடத்தின் படத்தை எடுத்துத் துணியில் ஒட்டுவது.

இரண்டாவது வழி கொஞ்சம் பழசு. 15ஆம் நூற்றாண்டில் பர்கண்டி, பிரான்ஸ் அரசவைப் பெண்கள் தலையில் 'ஹெனின்' என்ற கூம்புத் தொப்பி அணிந்தார்கள். ஆண்களின் காலணி முனைகூட நீண்டு கூர்மையாக இருந்தது. அதே ஐரோப்பாவில் அதற்கு முன்னும் அப்போதும் கட்டப்பட்ட தேவாலயங்களில் வளைவு கூர்மை, ஜன்னல் கூர்மை, மேலே ஊசிக் கோபுரம். ஃபேஷன் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது வழக்கம். தொப்பி தைத்தவர் சர்ச்சைப் பார்த்துத் தைத்தாரா, அல்லது அந்தக் காலத்தின் கண்ணே அப்படிப் பழகியிருந்ததா என்பது வேறு விவாதம். இங்கே ஏறியது படம் கிடையாது, உருவத்தின் வெளிக்கோடு.

மூன்றாவது வழிதான் கஷ்டமானது. கட்டடம் எப்படி நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டு துணியையும் அப்படி நிற்க வைப்பது. ஸ்பெயின் நாட்டுக்காரர் கிறிஸ்டோபல் பலென்சியாகா 1967ல் செய்த ஒரு கல்யாண உடை இதற்கு உதாரணம். மிகக் குறைந்த தையலில், விறைப்பான 'கஸார்' பட்டில் செய்தது. பூ வேலை இல்லை, சரிகை இல்லை, சிலுவைகூட இல்லை. துணி தன் மடிப்பாலேயே ஒரு குவிமாடம் போல நிற்கும்.

2018ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கத்தோலிக்க மரபும் ஃபேஷனும் பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. மே முதல் அக்டோபர் வரை 16 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அந்த மியூசியத்தின் வரலாற்றிலேயே அதுவரை அதிகம் பேர் பார்த்த கண்காட்சி அதுதான். அதில் இந்த உடையைத் தனியாக ஒரு இடத்தில் வைத்தார்கள். ஸ்பெயினில் ஃபுவென்டிடுவேனா என்ற ஊரிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி அடுக்கிய 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பகுதி அது. வெறும் கல் சுவர், வெறும் வெள்ளைத் துணி. இரண்டும் ஒரே பாஷை பேசுவது பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

கூர்மை எதற்கு?

கொஞ்சம் இன்ஜினீயரிங். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்.

பழைய ஐரோப்பியத் தேவாலயங்களில் வளைவு அரைவட்டமாக இருக்கும். அரைவட்ட வளைவு மேலே உள்ள பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக வேண்டும். தடிமனான சுவரில் பெரிய ஜன்னல் வைக்க முடியாது. உள்ளே இருட்டு. பாரிஸ் பக்கத்தில் செயின்ட் டெனிஸ் மடத்துத் தலைவர் சூஜே 1144ல் திறந்து வைத்த பகுதியில் கூர்வளைவுகளைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். கூர்வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவது குறைவு, கீழே இறக்குவது அதிகம். பிறகு வந்த கதீட்ரல்களில் மிச்சத் தள்ளுதலை வெளியே நிற்கும் உதைகால்கள் வாங்கிக்கொண்டன. சுவருக்கு வேலை குறைந்தது. அந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வந்தது. வெளிச்சம் வந்தது.

ஆக, அந்தக் கூர்மை அழகுக்காக ஒட்ட வைத்தது இல்லை. அது பாரம் சுமக்கிற உறுப்பு. அழகு அதோடு கூடவே வந்தது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு தறிக்குப் போகலாம்.

தறியில் ஏறிய கோபுரம்

சிதம்பரத்தில் நான்கு திசையிலும் நான்கு கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஏழு நிலை. அடிப்பகுதி கருங்கல். மேலே செங்கல், சுதை. ஒவ்வொரு நிலையும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் உள்வாங்கி ஏறும். முழுக்கக் கருங்கல்லாக அடுக்கியிருந்தால் பாரம் எங்கேயோ போயிருக்கும். மேலே போகப் போக அகலம் குறைவதும், பாரம் லேசாவதும் ஒன்றாக நடக்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது வானத்துக்கு ஏறும் படிக்கட்டு.

இப்போது நெசவு. பாவு நூல் நெடுக்கே ஓடும், ஊடை நூல் குறுக்கே ஓடும். இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு சாய்கோட்டை நேரடியாகப் போட முடியாது. ஒரு படி ஏற வேண்டும், கொஞ்சம் நகர வேண்டும், மறுபடி ஒரு படி ஏற வேண்டும். அதனால் தறியில் பிறக்கிற எந்த முக்கோணமும் படிப்படியாகத்தான் ஏறும். கோபுரமும் நிலை நிலையாகத்தான் ஏறுகிறது. கல் அடுக்குகிறவனுக்கும் நூல் அடுக்குகிறவனுக்கும் ஒரே கணக்கு.

காஞ்சிபுரத்தில் இதைச் செய்யும் முறைக்குக் கோர்வை என்று பெயர். சாதாரணச் சேலையில் ஒரு நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். கோர்வைச் சேலையில் மூன்று நாடா. இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. கரையின் ஊடை நூலும் உடலின் ஊடை நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு இழைக்கும் இது நடக்க வேண்டும். தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் அந்த ஓரத்து நாடாவைப் பார்த்துக்கொள்வார்.

கரையும் உடலும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்தால் இழுவிசை முழுக்க அந்தக் கோட்டிலேயே விழும். பல் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சேர்ந்தால் இழுவிசை பரவிவிடும். தச்சர் இரண்டு மரப்பலகையைப் பல் வெட்டிச் சேர்ப்பாரே, அதே யோசனை. 'சேலை கிழிந்தாலும் கரை பிரியாது' என்று நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வது இதனால்தான்.

பாரிஸில் கூர்வளைவு பாரம் சுமந்தது போல, காஞ்சிபுரத்தில் இந்தக் கோபுரப் பல் இழுவிசை சுமக்கிறது.

ஒரு நேர்மையான குறிப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதே பல் வரிசைக்கு நெசவாளர்களிடம் 'தாழம்பூ ரேக்கு' என்ற பெயரும் உண்டு. தாழை மடலின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்குமே, அது. ஆக முதலில் நெய்தவர் மனதில் கோபுரம் இருந்ததா, தாழம்பூ இருந்ததா? தறி முதலில் பல்லைக் கொடுத்திருக்கலாம். பார்த்த கண்கள் அதில் தங்களுக்குப் பிடித்ததைக் கண்டிருக்கலாம். ஒடிசாவிலும் இதே மாதிரி மூன்று நாடா வைத்து முக்கோணக் கரை நெய்கிறார்கள். அங்கே அதன் பெயர் கும்பம். அவர்களும் அதில் கோயிலைத்தான் பார்க்கிறார்கள்.

கல் முதலா, துணி முதலா?

கட்டடத்தைப் பார்த்துத் துணி கற்றுக்கொண்டது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். மறுபாதி இன்னும் சுவாரஸ்யம்.

ஆந்திராவில் லேபாட்சி வீரபத்திரர் கோயில், 16ஆம் நூற்றாண்டு, விஜயநகரக் காலம். அங்கே லதா மண்டபத் தூண்களில் கொடியும் பூவும் கட்டமுமாக விதவிதமான டிசைன்கள். மேல்விதானத்து ஓவியங்களில் மனிதர்கள் கட்டியிருக்கும் துணியில் கோடு, கட்டம், பூ எல்லாம் தெளிவாகத் தெரியும். அந்தக் காலத்து ஜவுளிக்கடை கேட்லாக் என்றே சொல்லலாம். சிற்பியும் ஓவியரும் நெசவாளரைப் பார்த்து வரைந்தார்கள். இன்று சேலை வடிவமைப்பவர்கள் லேபாட்சிக்குப் போய் அந்தத் தூண்களைப் பார்த்து வரைந்துகொண்டு வருகிறார்கள். துணி கல்லுக்குப் போய், கல்லிலிருந்து மறுபடி துணிக்கு வந்திருக்கிறது. இடையில் சுமார் 500 வருஷம்!

நம் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்தில் தேர் ஓடும்போது பார்த்திருப்பீர்கள். அடியில் மரச்சிற்பம். அதற்கு மேலே கோபுரம் மாதிரி எழுந்து நிற்பது என்ன? கம்பும் துணியும். தேர்ச்சீலைகள் கட்டி, சுற்றிலும் தொம்பை தொங்கவிட்டால் நகர்ந்து போகிற கோயில் ரெடி. தொம்பை என்பது உருளை வடிவத்தில் தைத்த துணி. அது தூணின் வேலையைப் பார்க்கிறது. கும்பகோணம் பக்கம் கருப்பூர் கலம்காரிக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயில்களுக்கு இந்தத் தொம்பையும் விதானமும் குடைத்துணியும் கையால் வரைந்து தருகிறார்கள். 2021ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

துணியைப் பார்த்துக் கல் கற்றது. கல்லைப் பார்த்துத் துணி கற்றது. யார் குரு, யார் சிஷ்யன் என்று பிரிக்க முடியாது.

ருக்மிணி தேவியின் கண்

இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெரிந்தே, திட்டமிட்டுச் செய்த ஒருவர் ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986). 1936ல் சென்னையில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர். பரதநாட்டியத்துக்கு மேடை உடையும் நகையும் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தபோது அவர் போய்ப் பார்த்தது கோயில் சிற்பங்களை. சிதம்பரம் கோபுர வாசலில் 108 கரணங்களைக் காட்டும் சிற்பங்கள் இருப்பது தெரிந்ததே. நடனத்துக்குப் புத்தகமாக இருந்த கோபுரம் உடைக்கும் புத்தகமானது.

அடுத்து அவர் செய்தது இன்னும் முக்கியம். 1937ல் கலாக்ஷேத்ராவில் தறிகளைப் போட்டு ஒரு நெசவுப் பிரிவை ஆரம்பித்தார். பழைய சேலைகளின் அகலக் கரை, அழுத்தமான நிறச் சேர்க்கை, பாரம்பரிய வடிவங்கள் எல்லாம் அங்கே மறுபடி நெய்யப்பட்டன. 'கலாக்ஷேத்ரா சேலை' என்று ஒரு தனி ரசனையே உருவானது. இன்றைக்கு ஃபேஷன் டிசைனர் என்று சொல்கிறோமே, அந்தச் சொல் இங்கே பிரபலமாகும் முன்பே அவர் அந்த வேலையைச் செய்துவிட்டார். அதையும் நெசவாளரைத் தன் வளாகத்திலேயே வைத்துக்கொண்டு செய்தார்.

வெள்ளைப் பட்டில் கோபுரம்

இப்போது மறுபடி தேவாலயத்துக்கு வரலாம். இந்த முறை நம்மூர் தேவாலயம்.

புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு எதிரே இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907ல் திறக்கப்பட்டது. கூர்வளைவு, வண்ணக் கண்ணாடி எல்லாம் பிரான்ஸிலிருந்து வந்த அதே கோதிக் பாணி. அங்கே நடக்கும் ஒரு தமிழ்க் கல்யாணத்தைக் கற்பனை செய்யுங்கள். மணப்பெண் தலையில் ஐரோப்பிய வழக்கப்படி வெள்ளை வலை. உடம்பில் காஞ்சிபுரம் வெள்ளைப் பட்டு. அதன் கரையில் சரிகையில் கோபுர வரிசை! மேலே கூர்வளைவு, கீழே கோபுரப் பல். இது கோயிலுக்குச் சொந்தம், அது சர்ச்சுக்குச் சொந்தம் என்று அங்கே யாரும் சண்டைக்கு வருவதில்லை. துணியில் ஏறிவிட்டால் கட்டடம் தன் முகவரியை விட்டுவிடுகிறது. கோடு மட்டும் மிச்சம். அந்தக் கோடு எல்லோருக்கும் சொந்தம்.

வேளாங்கண்ணி மாதாவே சேலை கட்டித்தானே நிற்கிறார்? வெளியே வெள்ளைவெளேரென்ற கோதிக் கட்டடம், 1962ல் பசிலிக்கா அந்தஸ்து பெற்றது. உள்ளே பக்தர்கள் நேர்ந்துகொண்டு கொடுக்கிற சேலைகள் குவிகின்றன. சேலை கொண்டுபோய்க் கொடுப்பவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு.

படம் மட்டும் மிஞ்சினால்

இவ்வளவு அழகான கதையில் ஒரு நெருடல் இருக்கிறது. கணக்குப் பார்த்தால்தான் தெரியும்.

கோர்வைக்கு இரண்டு பேர் உழைப்பு வேண்டும். கோர்வை இல்லாத சேலையை ஒருவரே நெய்துவிடலாம், நாளும் குறைவு. ஒரு காலத்தில் பல தறிகளில் அந்த இரண்டாவது ஆளாக உட்கார்ந்தது பள்ளிக்கூடம் போக வேண்டிய ஒரு சிறுவனோ சிறுமியோதான். அந்தச் செலவு அப்போது விலையில் தெரியவில்லை. ஒரு குழந்தையின் படிப்பு அதைக் கட்டியது. குழந்தைகள் பள்ளிக்குப் போக வேண்டியது நியாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால் அவருக்கு முழுக் கூலி தர வேண்டும். சேலை விலை ஏறும். வாங்குகிறவர் தயங்குவார். கடைக்காரர் கோர்வை இல்லாததைக் காட்டுவார்.

சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985ல் மத்திய அரசு சட்டம் போட்டது. 2005ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது. 2006ல் கைத்தறி முத்திரை வந்தது. இருந்தும் கோபுரக் கரையைப் பாலியெஸ்டரில் பிரிண்ட் போட்டு சில நூறு ரூபாய்க்கு விற்பதை யார் தடுக்க முடியும்? முக்கோணத்துக்குக் காப்புரிமை கிடையாதே!

பிரிண்ட் சேலை கட்டுவது குற்றமில்லை. எல்லோராலும் பட்டு வாங்க முடியாது. ஆனால் அந்தப் பிரிண்டில் உள்ள கோபுரம் எதையும் சுமக்கவில்லை. சிமெண்ட் சுவரில் கூர்வளைவு ஜன்னலைப் பெயிண்டால் வரைந்த மாதிரி. பெயிண்ட் ஜன்னல் வழியாக வெளிச்சம் வராது.

வாங்கும்போது வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு சுலபமான வழிகள். உடல் பச்சை, கரை சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்வையில் கரை சுத்தச் சிவப்பாக இருக்கும், ஏனென்றால் அதன் ஊடையும் சிவப்பு. கோர்வை இல்லாததில் பச்சை ஊடை கரைக்குள்ளும் ஓடும். சிவப்பு கொஞ்சம் மங்கி, சாய்த்துப் பார்த்தால் இரண்டு நிறம் அடிக்கும். அடுத்து, சேலையைத் திருப்பிப் போட்டுக் கரை சேரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். நூல் கோத்துத் திரும்பிய மெல்லிய மேடு தட்டுப்படும்.

பலென்சியாகாவின் பெயர் உலகத்துக்குத் தெரியும். மொன்ரியாலே மொசைக்கை உடையில் போட்ட நிறுவனத்தின் பெயரும் தெரியும். மொன்ரியாலேயில் அந்தக் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. சிதம்பரத்தில் ஏழாவது நிலை வரை சாரம் கட்டி ஏறிய கொத்தனாரின் பெயரும் போய்விட்டது. அவர்களை இனிமேல் கேட்க வழியில்லை.

அம்மாவின் சேலையை நெய்த இரண்டு பேர் இன்றும் காஞ்சிபுரத்தில் ஏதாவது ஒரு தெருவில் இருக்கலாம். அடுத்த கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகும்போது, நிறத்தையும் விலையையும் கேட்ட பிறகு ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

"இதை யாருங்க நெய்தாங்க?"